ஒரு காது மட்டும் மந்தமானால்...

குடும்ப நலத் துண்டுப் பிரசுரம்
கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்



காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். கால் முறிந்தால் வலி பொறுக்காது. இவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சில வியாதிகள் ஓசைப்படாமல் வருகின்றன. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும். நோயாளிக்கே அது தெரியாது. கூட வாழ்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். காதுக்குள்ளும், காதுக்குப் பின்னால் மண்டையோட்டின் அடிப்பாகத்திலும் உண்டாகும் சில கட்டிகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இவை அபூர்வமானவை. இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எனவே இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். ஆனால் அசட்டையாகவும் இருந்துவிடக் கூடாது. கட்டி சிறிதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் வழிகள் பல உண்டு. பெரிதான பிறகு வழிகள் குறைந்துவிடும்.

காது எப்படி வேலை செய்கிறது?

வெளிக்காதில் நுழையும் சத்தம் செவிப்பறையில் மோதுகிறது. பறை அதிர்கிறது. அதன் பின்னாலுள்ள மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் அந்த அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன. உள்காதிலிருந்து ஒரு நரம்பு மூளைக்குப் போகிறது. தலையின் நரம்புகளில் எட்டாவது என்று மருத்துவர்கள் எண்ணுவது இதைத்தான். இந்த ஒரே நரம்புக்கு இரண்டு வேலை. ஒன்று கேட்பது, மற்றொன்று உடம்பு சாயாமல் நிலையாக நிற்கச் செய்வது. அதனால்தான் உள்காதில் கோளாறு என்றால் காதும் மந்தமாகிறது, தலையும் கிறுகிறுக்கிறது.

எட்டாவது நரம்பை ஒட்டியே முகத்தை அசைக்கும் நரம்பும் போகிறது. சற்றுக் கீழே, மண்டையோட்டின் அடியிலுள்ள துவாரத்தின் வழியாக, குரலுக்கும் விழுங்குவதற்கும் உரிய நரம்புகள் பெரிய இரத்தக் குழாயோடு சேர்ந்து இறங்குகின்றன. மிகக் குறுகலான இடம் அது. அங்கே சுண்டைக்காய் அளவு கட்டி வந்தாலும் பக்கத்து நரம்புகளை நெருக்கும்.

காது மந்தம் என்றாலே கட்டியா?

இல்லவே இல்லை. காதுக் குறும்பி அடைத்துக் கொண்டாலும் காது கேட்காது. சளி பிடித்தாலும் அடைக்கும். செவிப்பறையில் ஓட்டை, சீழ் வடிதல் ஆகியவையும் காரணமாகலாம். வயதானால் இரண்டு காதும் ஏறக்குறைய ஒரே மாதிரி மந்தமாகும். டிராக்டர், நெல் அரைவை மில், விசைத்தறி இவற்றின் இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கும் பெரும்பாலும் இரண்டு காதும் பாதிக்கப்படும்.

கவனிக்க வேண்டியது வேறு: ஒரு காது மட்டும் மெல்ல மெல்ல மந்தமாவது, அல்லது ஒரு காதில் மட்டும் ஓயாத இரைச்சல். இதற்குக் காரணம் தெரிந்தே ஆக வேண்டும். குறும்பி என்றால் எடுத்துவிடலாம், தீர்ந்தது. எடுத்த பிறகும் கேட்கவில்லை என்றால் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

முதல் வகை: நரம்பின் உறையில் வரும் கட்டி

எட்டாவது நரம்பைச் சுற்றியுள்ள உறையில் இந்தக் கட்டி உண்டாகிறது. மருத்துவர்கள் இதை ‘அகூஸ்டிக் நியூரோமா’ அல்லது ‘வெஸ்டிபுலர் ஷ்வானோமா’ என்பார்கள். ஓராண்டில் ஒரு லட்சம் பேரில் ஒரு சிலருக்கே இது கண்டறியப்படுகிறது. நடுத்தர வயதில்தான் அதிகம். வளரும்போது பெரும்பாலும் வருஷத்துக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு நெல்மணியின் பருமன் கூட இருக்காது. சிலருக்குப் பல வருஷம் வளராமலே கிடப்பதும் உண்டு.

அடையாளங்கள் வருமாறு:

1. ஒரு காது மெல்ல மந்தமாகும். சத்தம் கேட்கும், ஆனால் வார்த்தை விளங்காது. “பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல” என்பார்கள்.
2. அதே காதில் ‘ஙொய்’ என்றோ, சில்வண்டு கத்துவது போலவோ இரைச்சல் இருக்கும்.
3. நடையில் இலேசான தள்ளாட்டம். பகலில் தெரியாது. இருட்டில் வரப்பின் மேல் நடக்கும்போது தெரியும். கண்ணுக்கு வெளிச்சம் இல்லாதபோது உடம்பு உள்காதையே அதிகம் நம்புகிறது. அந்தக் காதே பழுதாக இருந்தால் கால் தடுமாறும்.
4. கட்டி பெரிதானால் அந்தப் பக்கத்துக் கன்னம் மரத்துப் போகும்.
5. மேலும் பெரிதானால் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் உண்டாகும். மூளையைச் சுற்றியுள்ள நீர் வடிய வழியில்லாமல் தேங்குவதே இதற்குக் காரணம். இந்த நிலை ஆபத்தானது.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1917ல் இந்தக் கட்டியைப் பற்றித் தனி நூலே எழுதினார். அறிகுறிகள் எந்த வரிசையில் வருகின்றன என்பதை நோயாளிகளிடம் விசாரித்துத் தொகுத்தார். முதலில் காது, பிறகு நடை, பிறகு முகம், அதற்குப் பிறகுதான் பார்வைக் குறை என்பது அதில் தெளிவாயிற்று. ஸ்கேன் இல்லாத அந்தக் காலத்தில் கடைசி நிலையில்தான் பலரும் வைத்தியத்துக்கு வந்தார்கள். இன்று முதல் அறிகுறியிலேயே வந்துவிட முடியும். ஆனால் அந்த முதல் அறிகுறியை வீட்டில் யாராவது கவனித்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகை: இரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டி

நடுக்காதிலோ, அதற்குக் கீழே பெரிய இரத்தக் குழாயின் அருகிலோ இது உண்டாகிறது. ‘குளோமஸ் கட்டி’ என்றும் ‘பாராகாங்லியோமா’ என்றும் சொல்வார்கள். முதல் வகையைவிட அபூர்வம். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

இதன் முக்கிய அடையாளம் இரைச்சலின் தாளம். நாடி துடிக்கும் அதே கணக்கில் காதுக்குள் ‘தொப்... தொப்...’ என்று அடிக்கும். இராத்திரி ஊர் அடங்கிய பிறகு நன்றாகக் கேட்கும். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக அடிக்கின்றனவா என்று கவனியுங்கள்.

தாய்மார்கள் ஒன்றை அறிய வேண்டும். இரத்தச் சோகையிலும், இரத்தக் கொதிப்பிலும், கர்ப்ப காலத்திலும் கூட இப்படி நாடிச் சத்தம் காதில் கேட்கலாம். ஆகவே முதலில் இரத்தமும் பிரஷரும் பார்த்துக் கொள்ளுங்கள். அவை சரியான பிறகும் ஒரு காதில் சத்தம் நிற்கவில்லை என்றால் காது மருத்துவரிடம் காட்டுங்கள். கருவி வைத்துப் பார்த்தால் செவிப்பறைக்குப் பின்னால் செக்கச் சிவப்பாகக் கட்டி தெரியக்கூடும்.

கட்டி கீழ்நோக்கி வளர்ந்தால் குரல் கரகரக்கும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறும். ஒரு தோள் தொங்கும். நாக்கின் ஒரு பாதி சுருங்கும். அபூர்வமாகச் சிலருக்கு இந்தக் கட்டியே இரத்தக் கொதிப்பை ஏற்றும் நீரைச் சுரக்கும். அப்போது திடீர் படபடப்பு, வியர்வை, தலைவலி உண்டாகும்.

நாற்றமடிக்கும் சீழ்

மேற்கண்ட இரண்டையும்விட நம் கிராமங்களில் அதிகம் காண்பது இது. காதிலிருந்து கொஞ்சமாக, ஆனால் கெட்ட நாற்றத்தோடு சீழ் வடியும். செவிப்பறையின் ஓரத்தில் தோல் உள்ளே புகுந்து, அழுக்குப் போலச் சேர்ந்து, எலும்பை அரிக்கிறது. ‘கொலஸ்டியடோமா’ என்று பெயர். இது உண்மையான கட்டி அல்ல. ஆனால் கட்டியைப் போலவே வளரும். விட்டுவிட்டால் மூளைக்கும் சீழ் பரவலாம். சொட்டு மருந்தால் மட்டும் தீராது. அறுவைச் சிகிச்சை தேவை.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கணவனும் மனைவியும் இருந்தால் போதும்.

ஒருவர் மணையில் உட்காரட்டும். மற்றவர் பின்னால், ஒரு கை எட்டும் தூரத்தில் நிற்கட்டும். உட்கார்ந்திருப்பவர் ஒரு காதை விரலால் மூடி, விரலை மெல்லத் தேய்த்துக் கொண்டே இருக்க வேண்டும். பின்னால் நிற்பவர் மூச்சை வெளியே விட்ட பிறகு, இரகசியம் பேசுவது போல மூன்று வார்த்தைகள் சொல்ல வேண்டும்: ‘நாலு, மாடு, ஏழு’ என்பது போல. கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். பிறகு அடுத்த காதுக்கு வேறு மூன்று வார்த்தைகள். இரண்டு காதுக்கும் வித்தியாசம் தெரிந்தால் சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

செல்போன் உள்ளவர்கள் இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்துப் பேசிப் பார்க்கலாம். ஒரு காதில் வார்த்தை தெளிவாகவும் மற்றதில் குழம்பியும் கேட்டால் அதுவும் ஓர் அடையாளமே. இந்தச் சோதனைகளில் வித்தியாசம் தெரியாவிட்டாலும், இரைச்சலோ தள்ளாட்டமோ தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு வீட்டுத் திண்ணைப் பேச்சு

இப்படி ஒரு பேச்சு உங்கள் வீட்டிலும் நடக்கலாம்.

மனைவி: நர்சம்மா, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு. நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. எம்மேல கோவம்னு நெனச்சேன்.

கணவன்: சும்மா இரு. நீ மெதுவாப் பேசுனா யாருக்குத்தான் கேக்கும்?

செவிலியர்: எந்தப் பக்கம் உக்காந்து பேசுனா கேக்குறாரு, எந்தப் பக்கம் கேக்கல? அதப் பாத்தியாம்மா?

மனைவி: (யோசித்து) வலப்பக்கம் இருந்தா பதில் சொல்றாரு. எடப்பக்கம் இருந்தாதான் இந்தக் கூத்து. படுக்கும்போதும் வலக்காது தலகாணியில பட்டுச்சுன்னா, புள்ள அழுதாக்கூட எந்திரிக்க மாட்டாரு.

செவிலியர்: அண்ணே, இடது காதுல இரைச்சல் இருக்கா?

கணவன்: அது இருக்கு, ஒரு ரெண்டு வருசமா. வலியா ஒண்ணுமில்ல. அதான் யார்கிட்டயும் சொல்லல.

செவிலியர்: ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறப்போ கால் தடுமாறுதா?

கணவன்: (தயங்கி) போன மாசம் வரப்புலேருந்து வழுக்கி விழுந்தேன். ஊருல நான் குடிச்சிருக்கேன்னு பேசுறாங்க. நான் தொடுறதே இல்ல, நர்சம்மா.

செவிலியர்: கோவமும் இல்ல, குடியும் இல்ல அண்ணே. காது சொல்ற சேதி அது. குறும்பியாக்கூட இருக்கலாம். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ரெண்டு பேரும் வாங்க. நீங்க மட்டும் வந்தா ‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க, உங்க வீட்டம்மாவும் வரட்டும்.

இந்தப் பேச்சில் நோயின் முதல் அடையாளத்தைச் சொன்னவர் மனைவியே என்பதைக் கவனியுங்கள். இதுபோல மனைவிக்கு வந்தால் கணவன் கவனிக்க வேண்டும். “செவிடி” என்று ஏசுவதும், “வேண்டுமென்றே கேட்காதவள் போல இருக்கிறாள்” என்று சண்டை பிடிப்பதும் நோயை மறைத்துவிடும். எந்தப் பக்கம் கேட்கவில்லை என்று ஒரு முறை பார்த்தால் போதும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதலில் விளக்கு வைத்துக் காதைப் பார்ப்பார்கள். குறும்பி இருந்தால் எடுப்பார்கள். பிறகு இசைக்கவையைத் தட்டி நெற்றியிலும் காதின் பின்புறமும் வைப்பார்கள். கோளாறு பறையிலா, நரம்பிலா என்று அதில் ஓரளவு தெரியும். அடுத்து ‘ஆடியோகிராம்’ என்ற கேட்கும் திறன் சோதனை. இரண்டு காதுக்கும் தனித்தனியாக வரைபடம் வரும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்; பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

ஒரு பக்க நரம்பு மட்டும் பழுது என்று தெரிந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியையும் அது காட்டிவிடும். இது எக்ஸ்ரே அல்ல; காந்தத்தால் எடுக்கும் படம். அதனால் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. தாலிக்கொடியையும் கழற்றத்தான் வேண்டும். மனசு கேட்காத தாய்மார்கள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக் கொண்டு போகலாம். காந்தம் அதை ஒன்றும் செய்யாது. காப்பர்-டி போட்டிருந்தாலும் ஸ்கேன் எடுக்கலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் அவசியம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் ஊசி மருந்து ஏற்றாமல் எடுப்பதா, பிரசவம் வரை பொறுப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

குளோமஸ் கட்டி என்று சந்தேகம் வந்தால் காதுக்குள் சதையைக் கிள்ளிச் சோதிக்க மாட்டார்கள். இரத்தம் பெருக்கெடுக்கும். ஸ்கேன் மூலமே கண்டறிவார்கள்.

சிகிச்சை என்ன?

மூன்று வழிகள் உண்டு.

பொறுத்துப் பார்த்தல்: கட்டி சிறிது, தொந்தரவும் குறைவு என்றால், குறித்த காலத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று பார்ப்பார்கள். இது சிகிச்சை செய்யாமல் கைவிடுவது அல்ல. சொன்ன தேதியில் போக வேண்டும். “நல்லாத்தானே இருக்கேன்” என்று விட்டுவிட்டால் அந்தச் சிகிச்சையே வீணாகிவிடும்.

கதிர்வீச்சு: குறி வைத்துக் கதிரைச் செலுத்தி வளர்ச்சியை நிறுத்துவது. கட்டி மறையாது, வளராமல் நிற்கும்.

அறுவைச் சிகிச்சை: பெரிய கட்டிக்கு இதுவே வழி. குளோமஸ் கட்டியானால் முதலில் அதற்குப் போகும் இரத்தக் குழாய்களை அடைத்துவிட்டு, பிறகு அறுப்பார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். நரம்புக் கட்டியை எடுக்கும்போது அந்தக் காதின் கேட்கும் சக்தி பெரும்பாலும் திரும்பி வராது. சிலருக்கு முகம் ஒரு பக்கம் தளரலாம். கட்டி சிறிதாக இருந்தால் முக நரம்பைக் காப்பது எளிது. நடையின் தள்ளாட்டம் சில வாரங்களில், சில மாதங்களில் குறையும். மறுபக்கத்துக் காதும் கண்ணும் காலும் அந்த வேலையை ஏற்றுக் கொள்ளும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949லும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950லும் மூளை நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. ஆகவே இது நம் நாட்டுக்குப் புதிய வைத்தியம் அல்ல. அரசு மருத்துவமனைக்குப் போகும்போது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கொண்டு போங்கள். எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்று அங்கேயே விசாரித்துக் கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கும் வருமா?

பெரும்பாலோருக்கு இது பரம்பரையாக வருவதில்லை. ஒட்டுவாரொட்டியும் அல்ல, சேர்ந்து படுத்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது.

ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும் பரம்பரைத் தொடர்பு உண்டு. இளம் வயதிலேயே இரண்டு பக்கமும் நரம்புக் கட்டி வருபவர்களுக்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்திருக்காது. குளோமஸ் கட்டியிலும் ஒரு பரம்பரை வகை உண்டு. அதில் தகப்பன் வழியாகக் குறை வந்த பிள்ளைகளுக்கே பெரும்பாலும் கட்டி உண்டாகிறது. ஆகவே “உன் வீட்டு நோய்” என்று மருமகளைப் பழிப்பது எந்த விதத்திலும் நியாயமல்ல. சொந்தத்தில் கல்யாணம் செய்ததாலும் இது வருவதில்லை. குடும்பத்தில் இருவருக்கு இருந்தால் மற்றவர்களும் சோதித்துக் கொள்வது நல்லது.

செய்யக் கூடாதவை

• காதில் காய்ச்சிய எண்ணெய், இலைச்சாறு, பால் ஊற்றக் கூடாது.
• ஊக்கு, ஹேர்பின், கோழி இறகு, பட்ஸ் விட்டுக் குடையக் கூடாது.
• தள்ளாட்டம் உள்ளவர் தனியே கிணற்றில் குளிக்கவோ, மரம் ஏறவோ கூடாது. இரவில் டார்ச் விளக்கு அவசியம்.
• ஒரு காது கேளாதவருக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. ரோட்டைக் கடக்கும்போது ஹாரன் சத்தத்தை நம்பாமல் இருபுறமும் பார்க்க வேண்டும்.

காலதாமதம் செய்யாமல் போக வேண்டிய சமயங்கள்

• ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் கேட்காமல் போனால் அன்றே போங்கள். பெரும்பாலும் கட்டியாக இராது. ஆனால் மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.
• முகம் ஒரு பக்கம் கோணினால் உடனே போங்கள். ஓரிரு நாளில் வருவது பெரும்பாலும் சாதாரண முகவாதம். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கோணினாலும், மூன்று மாதமாகியும் துளியும் திரும்பாவிட்டாலும் கட்டி உண்டா என்று பார்க்க வேண்டும்.
• காது மந்தத்தோடு கன்னம் மரத்தல், புரையேறுதல், குரல் மாற்றம் சேர்ந்தால்.
• விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் இருந்தால்.

நினைவிருக்கிறதா? ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள்

1. இரண்டு காதும் மந்தமாவதற்கும் ஒரு காது மட்டும் மந்தமாவதற்கும் என்ன வித்தியாசம்?
2. நாடியோடு சேர்ந்து அடிக்கும் சத்தம் எதைக் காட்டலாம்? அதற்கு முன் எந்த இரண்டு சோதனைகளைச் செய்து கொள்ள வேண்டும்?
3. இருட்டில் மட்டும் தள்ளாட்டம் அதிகமாவது ஏன்?
4. “பொறுத்துப் பார்ப்போம்” என்று மருத்துவர் சொன்னால் நாம் செய்ய வேண்டியது என்ன?

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், அந்த இரகசிய வார்த்தைச் சோதனையை ஒருவருக்கொருவர் செய்து பாருங்கள். ஐந்து நிமிஷம் போதும். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். அல்லது 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.